தாடையை மறைக்கும் சைக்கிள் ஹெல்மெட்: பாரத்தைப் பார்க்கும் முன் லேபிளைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். வார இறுதிகளில் நண்பர்களோடு ஹந்தானைப் பக்கம் போய் மவுண்டன் பைக் ஓடுவேன். அண்மையில் கூட வந்தவர் முகங்குப்புற விழுந்து முன்பல் உடைந்துவிட்டது. தாடையையும் மறைக்கிற, பாரமில்லாத ஹெல்மெட் வாங்க விரும்புகிறேன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டே போதுமா? தாடைப் பகுதியைக் கழற்றக்கூடியது நல்லதா?

பதில்: மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும், காற்றோட்டமும் குறைவு. நம் வெக்கையில் மேடு மிதித்து ஏறும்போது பாதி வழியிலேயே கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிடுவீர்கள். மவுண்டன் பைக்குக்கென்றே செய்த பாரம் குறைந்த முழுமுக ஹெல்மெட்டுகள் சுமார் 600 முதல் 850 கிராமுக்குள் கிடைக்கின்றன.

ஆனால் கிராம் கணக்கு இரண்டாவது விஷயம்தான். ஹெல்மெட்டைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் பஞ்சைத் தூக்கி, அங்கே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். வெறும் ஈஎன் 1078 (EN 1078) என்று மட்டும் இருந்தால், அது சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கான தரம். மண்டைப் பகுதியைச் சோதிக்கும், தாடைப் பகுதியைச் சோதிக்காது. டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் வேகமாக இறங்கும் ஓட்டத்துக்கான ஏஎஸ்டிஎம் எஃப் 1952 (ASTM F1952) தரத்தில்தான் தாடைப் பகுதி மீது எடையை விழுத்தி, அது எவ்வளவு உள்ளே வளைகிறது என்று அளப்பார்கள். டாம் வீதியில் வாங்கினாலும் சரி, வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தாலும் சரி, இந்த எண் இல்லாவிட்டால் பல்லுக்கு உத்தரவாதம் இருப்பதாக நினைக்காதீர்கள்.

கழற்றும் வகையிலும் இதே கதைதான். பெல் சூப்பர் டிஎச் போன்ற சில அந்தத் தரத்தைப் பெற்றவை. வேறு பலவற்றில் தாடைப் பகுதி மரக்கிளையைத் தடுக்கும், கல்லைத் தடுக்காது. கொளுவிகளைப் பலமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள், ஆடினால் விட்டுவிடுங்கள். நீங்கள் மேட்டில் மெதுவாக ஏறி வேகமாக இறங்குகிறவர் என்றால், தாடைப் பகுதியைக் கழற்ற முடியாத, பாரம் குறைந்த வகையையே நான் சொல்வேன். ஃபாக்ஸ் புரோஃபிரேம் அப்படியான ஒன்று. தாடைப் பக்கமே பெரிய துவாரங்களோடு இருப்பதால் மூச்சு முட்டாது.

அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி டேப் பிடித்து அளந்துகொண்டு போங்கள். மாட்டியபின் கன்னப் பஞ்சு இரு பக்கமும் இறுக்கமாகத் தொட வேண்டும். தாடைப் பகுதியைப் பிடித்து இடம் வலம் ஆட்டினால் கன்னத்தோலும் கூடவே வர வேண்டும், ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அது பெரிது. கண்ணாடி போடுகிறவரானால் அதோடேயே மாட்டிப் பாருங்கள்.

மிப்ஸ் (MIPS) இருந்தால் நல்லது. சரிந்து விழும்போது தலைக்குப் போகும் சுழல் விசையைக் குறைக்கச் செய்த அடுக்கு அது, பாரமும் கொஞ்சம்தான்.

பாவித்த ஹெல்மெட் மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது ரெஜிபோம் வகை நுரை. ஒரு தரம் நசுங்கினால் திரும்ப எழும்பாது, வெளி ஓட்டில் கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். உங்களுடையதும் பலமாக அடிபட்டால் அன்றோடு மாற்றிவிடுங்கள். ஓடி வந்தபின் பஞ்சுகளை மென்மையான சவர்க்காரத்தில் அலசி நிழலில் காயவிடுங்கள், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் ஹெல்மெட்டை விட்டு வைக்காதீர்கள்.