கண்ணை எடுக்கச் சொன்னால்: கேள்விகளும் பதில்களும்

கண் அறுவை சிகிச்சை மருத்துவராக எனக்கு வந்த கேள்விகளில் சில.

டாக்டர், என் மகளுக்கு இரண்டு வயது. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயாம், ஒரு கண்ணை எடுக்கணும் என்கிறார்கள். மருந்தில் சரியாகாதா?

கட்டி சிறிதாக இருந்தால் கீமோ, லேசர் என்று கொடுத்துக் கண்ணையே காப்பாற்றப் பார்ப்போம். கண் முழுக்க நிறைந்து, பார்வைக்கும் வழியில்லை என்றால் நிலைமை வேறு. இந்தப் புற்றுநோய் பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போகும். அதனால்தான் கண்ணை எடுக்கும்போது நரம்பையும் முடிந்த அளவு நீளமாக வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். மேற்கொண்டு கீமோ வேண்டுமா என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லும். நாட்டு மருந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் அம்மா. மற்றக் கண்ணையும், கூடப்பிறந்த குழந்தைகள் இருந்தால் அவர்களையும் சோதித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் ஒரு கண் பார்வை போய்விட்டது. வலி மட்டும் விடவில்லை. எடுத்துவிடலாமா சார்?

அது கடைசி வழி. முதலில் சொட்டு மருந்து, லேசர். அதற்கும் வலி அடங்காவிட்டால் எடுக்கலாம். இவருக்கு முழுக் கண்ணையும் எடுக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சவ்வையும் தசைகளையும் விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வழித்தெடுத்தாலே போதும். ஆனால் உள்ளே கட்டி எதுவும் இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்த பிறகுதான்.

பட்டாசு வெடித்துத் தம்பியின் கண் கிழிந்துவிட்டது. எடுக்காவிட்டால் நல்ல கண்ணும் போய்விடுமாமே?

அபூர்வம், ஆனால் உண்மை. காயப்பட்ட கண்ணைத் தாக்கக் கிளம்பும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நல்ல கண்ணையும் தாக்கிவிடும். வாரங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். பார்வையற்றோருக்கான எழுத்துமுறையை உருவாக்கிய லூயி பிரெயில் இரண்டு கண்ணையும் இழந்தது இப்படித்தான் என்று கருதுகிறார்கள். ஆனாலும் இன்று அவசரப்பட்டு எடுப்பதில்லை. முதலில் தைத்துப் பார்ப்போம். நல்ல கண் சிவந்தாலோ மங்கினாலோ அன்றே வரச் சொல்லுங்கள்.

கண்ணை எடுத்தபின் உள்ளே வைக்கும் பந்துதான் செயற்கைக் கண்ணா? அது அசையுமா?

பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். இம்பிளான்ட் என்பது கண்குழிக்குள் புதைக்கும் உருண்டை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 மில்லிமீட்டர் விட்டம். மேலே சவ்வை மூடித் தைத்துவிடுவதால் அது வெளியே தெரியாது. 1885இல் மியூல்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கண்ணாடி உருண்டை வைத்துத் தொடங்கிய வேலை இது. இப்போது அக்ரிலிக், சிலிகான் உண்டு. பவளத்திலிருந்து செய்யும் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற பொருளும் உண்டு. அதன் நுண்துளைகளுக்குள் ரத்தக் குழாய்கள் வளர்ந்து புகுந்துவிடும். விலை அதிகம். சாதாரண அக்ரிலிக்கே பலருக்குப் போதும் என்பது என் கருத்து.

கருவிழி வரைந்த ஓடுதான் நீங்கள் பார்க்கும் செயற்கைக் கண். ஆறேழு வாரத்தில் புண் ஆறியதும் அளவெடுத்துச் செய்து, இமைக்குள் செருகுவார்கள். தசைகள் உருண்டையை அசைக்க, ஓடும் ஓரளவு அசையும். நிஜக் கண் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

சின்னக் குழந்தைக்கு உருண்டை வைக்காமல் விட்டால் என்ன?

குழி காலியாக இருந்தால் அந்தப் பக்கத்து எலும்பு சரியாக வளராது, முகம் ஒரு பக்கம் ஒடுங்கிப்போகும். வைத்துவிடுங்கள். வளர வளர மேலே செருகும் செயற்கைக் கண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

ராத்திரி செயற்கைக் கண்ணைக் கழற்றணுமா?

வேண்டாம். அடிக்கடி கழற்றினால்தான் உறுத்தும். சீழோ துர்நாற்றமோ இருந்தால் மட்டும் உடனே வாருங்கள்.