மார்பு பெருத்திருப்பது கொழுப்பா, சுரப்பியா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஆணான உங்களுக்கு 19 வயது, நான்கு ஆண்டுகளாக மார்பு பெருத்திருக்கிறது, உடற்பயிற்சியால் குறையுமா அல்லது அறுவை சிகிச்சைதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் 14 வயதிலிருந்து 23 வயது வரை இதே நிலையில் இருந்தவன். சட்டைக்குள் இறுக்கமான பனியன், அதற்கு மேல் இன்னொரு பனியன் என்று போட்டுக்கொண்டு, தோள்களை முன்னால் குறுக்கியே நடந்து பழகியவன் என்பதால் உங்கள் கேள்வியின் பாரம் எனக்குப் புரிகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்காக நான் வருந்தவில்லை. தோலுக்கு அடியில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளாமலே ஒன்பது ஆண்டுகளைக் கழித்ததற்காகத்தான் வருந்துகிறேன்.

மார்பு பெருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வெறும் கொழுப்பு. மற்றொன்று, ஆண்களுக்கும் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் மார்பகச் சுரப்பித் திசுவே வளர்ந்துவிடுவது. இதைத்தான் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். என்னைப் பரிசோதித்த மருத்துவர் மல்லாந்து படுக்கச் சொல்லி, கைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்து, காம்பை நோக்கி மெல்ல நெருக்கிக்கொண்டு வந்தார். காம்புக்கு நேர் அடியில், வட்டமாக, ரப்பர் போன்ற ஒரு தட்டு விரல்களில் தட்டுப்பட்டது. அதை என் விரலாலும் தொட்டுப் பார்க்கச் செய்தார். வெறும் கொழுப்பாக இருந்தால் அப்படி எதுவும் தட்டுப்படாது, விரல்கள் காம்பு வரை தடையின்றி வந்து சேர்ந்துவிடும். கொழுப்பு என்றால் உடல் எடை குறையும்போது மார்பும் குறையும். சுரப்பித் திசு என்றால் எத்தனை தண்டால் எடுத்தாலும் அது கரையாது. அதற்கு அடியில் உள்ள தசைதான் வளரும். இது தெரியாமல் நான் பல ஆண்டுகள் தண்டால் எடுத்தேன்.

பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனுக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோனுக்கும் இடையிலான விகிதம் சிறிது காலம் நிலைகொள்ளாமல் இருப்பதால், மிகப் பல சிறுவர்களுக்கு இந்தத் திசு வளர்கிறது. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அடங்கிவிடும். ஆகவே 14 வயதுப் பையனுக்கு என்றால் பொறுத்திருப்பதே பெரும்பாலும் போதும். உங்களுக்கோ நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓராண்டுக்கு மேல் நீடித்த திசு மெல்ல நாராக இறுகத் தொடங்குகிறது. இறுகிய பின் தானாகக் குறைவது அரிது, மருந்துக்கும் சரியாக இணங்காது. ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் தமொக்சிஃபென் போன்ற மாத்திரைகளைச் சில மருத்துவர்கள் கொடுப்பது வலியும் வீக்கமும் புதிதாக இருக்கும் தொடக்கக் காலத்தில்தான். அதை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். தசை வளர்க்க எடுக்கும் ஸ்டீராய்டு ஊசிகள், உடலில் தேங்கும் நீரை வெளியேற்றத் தரும் ஸ்பைரோனோலாக்டோன், முடி உதிர்வுக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, மனநலத்துக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள், மதுவால் கெட்ட கல்லீரல், தைராய்டு மிகையாகச் சுரப்பது, விரைகளில் குறைபாடு அல்லது கட்டி என்று காரணம் பலவாக இருக்கலாம். அதனால்தான் நல்ல மருத்துவர் மார்போடு நிறுத்தாமல் விரைகளையும் பரிசோதிப்பார், தேவைப்பட்டால் இரத்தத்தில் ஹார்மோன் அளவுகளையும் பார்ப்பார். மருத்துவர் எழுதித் தந்த மருந்துதான் காரணமோ என்று தோன்றினாலும், அவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடாதீர்கள்.

கட்டி ஒரு பக்கம் மட்டும் கல் போல இருந்தாலோ, காம்புக்கு நேராக இல்லாமல் விலகி இருந்தாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளிழுத்துக் குழிந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருகிறது, அரிதாகத்தான் என்றாலும்.

எனக்குக் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ் விளிம்பில் சிறு கீறலிட்டுச் சுரப்பியை எடுத்தார்கள்; சுற்றியிருந்த கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சினார்கள். காம்புக்கு அடியில் சிறிதளவு திசுவை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள், முழுவதையும் எடுத்தால் அந்த இடம் பள்ளமாகிவிடும் என்பதால். அதன்பின் ஆறு வாரம் இறுக்கமான அழுத்த உடை அணிந்திருந்தேன். இடது பக்கம் உணர்ச்சி திரும்பச் சில மாதங்கள் ஆயின. இரத்தம் கட்டுவது, நீர் கோப்பது, இரு பக்கமும் சமமாக அமையாமல் போவது ஆகியவையும் நேரக்கூடும் என்று முன்பே விளக்கியிருந்தார்கள்.

மருத்துவரிடம் போகும்போது எப்போது தொடங்கியது, வலி உண்டா, இன்னும் வளர்கிறதா, இதுவரை என்னென்ன மருந்தும் சத்துமாவும் சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லுவார்கள் என்ற கூச்சத்தால்தான் நான் ஒன்பது ஆண்டுகள் போகாமல் இருந்தேன். அந்தப் பரிசோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.