லெவல் 80 ஆன பிறகு கில்ட் வார்ஸ் 2 ஆன்லைன் கேம் சப்பென்று ஆகிவிட்டது. தருமபுரியிலிருந்து ராத்திரி ஒன்றரை மணி நேரம் மட்டும் விளையாடும் ஒருவர் இனி என்ன செய்யலாம்?

சப்பென்று ஆனதற்குக் காரணம் உங்களிடம் இல்லை. 1-லிருந்து 80 வரை கேமே உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. இங்கே போ, இதை அடி, இந்தா அடுத்த லெவல். 80-ல் அந்தக் கை விட்டுவிடுகிறது. மற்ற கேம்களில் இந்த இடத்தில்தான் கியர், அதாவது கவசம் ஆயுதம் தேடும் ஓட்டம் ஆரம்பிக்கும்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது கவசம் வரும், பழையது குப்பைக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கியர் தேடி ஓடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 2012 ஆகஸ்டில் கேம் வெளிவந்தபோதும் உச்சம் 80, இத்தனை எக்ஸ்பான்ஷன் (தனியாக வாங்கும் கூடுதல் பாகம்) வந்த பிறகும் 80. அதே வருஷம் நவம்பரில் வந்த அசெண்டட் தரக் கியர்தான் இன்றைக்கும் பலத்தில் மேல்தட்டு. லெஜண்டரி தரத்தின் பலமும் அதே அளவுதான், விரும்பியபோது ஸ்டாட் (கியர் தரும் பலங்களின் வகை) மாற்றிக்கொள்ளலாம் என்பது மட்டும் கூடுதல் வசதி. ஒரு படி கீழே உள்ள ஆரஞ்சு நிற எக்ஸாட்டிக்குக்கும் அசெண்டட்டுக்கும் வித்தியாசம் சுமார் 5 சதவீதம். ஆகவே இங்கே ‘வளர்வது’ என்றால் நம்பர் ஏறுவது இல்லை. புது வழியில் நகர்வது, புது சண்டை பழகுவது, நீண்ட நாள் வேலை ஒன்றை எடுத்து முடிப்பது.

அதற்கு முன் ஒரு சின்ன சோதனை. ஹெச் பட்டனை அழுத்தி ஹீரோ பேனலைப் பாருங்கள். 80 ஆன பலர் அப்போதும் லெவல் 65 பச்சை கவசம், 72 நீல மோதிரம் என்று கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டு திரிவார்கள். அந்தக் கோலத்தில் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் எக்ஸ்பான்ஷனின் காட்டுக்குள் போனால், கோழிக்குஞ்சு அளவு பாக்கெட் ரேப்டர்கள் கூட்டமாக வந்து சில நொடியில் கதையை முடித்துவிடும். ‘இந்த கேம் ரொம்ப கஷ்டம்’ என்று மூடி வைப்பவர்களில் நிறையப் பேர் இப்படி உடுப்பில் கோட்டை விட்டவர்கள். ஆட்டக்காரர்கள் வாங்கி விற்கும் டிரேடிங் போஸ்ட்டில் லெவல் 80 எக்ஸாட்டிக், பெர்சர்க்கர் ஸ்டாட் கொண்டதைத் தேடுங்கள். கவசத்தில் ஆறு துண்டு, ஆயுதம், பிறகு மோதிரம், கம்மல், முதுகுப் பொருள். பவர், பிரிசிஷன், ஃபெராசிட்டி மூன்றும் சேர்ந்தது பெர்சர்க்கர். ‘உயிர் வேண்டுமே’ என்று முதலிலேயே அடி தாங்கும் டஃப்னஸ் பக்கம் போக வேண்டாம். எதிரி சீக்கிரம் விழுவதே திறந்தவெளியில் நல்ல பாதுகாப்பு.

வாங்கும்போது அவசரம் கூடாது. போச்சம்பள்ளி சந்தையில் சொன்ன விலைக்கு மாடு பிடிப்பவர் உண்டா? இங்கேயும் ‘உடனே வாங்கு’ விலை ஒன்று, ‘இந்த விலைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஆர்டர் போடும் விலை ஒன்று. ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பொருள் பெரும்பாலும் வந்திருக்கும். விற்கும்போது பட்டியலிட 5 சதவீதம், விற்றதும் 10 சதவீதம் பிடிப்பார்கள். 1 கோல்டுக்கு விற்றால் கையில் 85 சில்வர். அந்த 5 சதவீதம் பொருளைத் திரும்ப எடுத்தாலும் வராது, அதனால் விலையை மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

இனி ராத்திரி ஒன்றரை மணி நேரக் கணக்கு. வேர்ல்டு பாஸ்கள், அதாவது கூட்டமாகச் சேர்ந்து அடிக்கும் பெரிய எதிரிகள், யுடிசி (உலகப் பொது) நேரப்படி வருவதால் நமக்கு வருஷம் முழுக்க ஒரே நேரம். ஐரோப்பாக்காரர்களுக்குத்தான் கோடையில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நம் நேரத்தில் மாலை வரிசை இப்படி: 8:15-க்கு ஃபயர் எலிமெண்டல், 8:45-க்கு கிரேட் ஜங்கிள் வேர்ம், 9:15-க்கு குயின்ஸ்டேலில் ஷேடோ பெஹிமத், 9:30-க்கு ஸ்பார்க்ஃபிளை ஃபென்னில் டெக்வாட்டில், 9:45-க்கு ஸ்வானிர் ஷாமன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முடித்துவிடலாம். ஓசூரில் செகண்ட் ஷிப்ட் முடித்து வருபவருக்கு டெக்வாட்டில் ராத்திரி 12:30-க்கு மறுபடி இருக்கிறது. நைட் ஷிப்ட்காரருக்கு காலை 8:30, மாலை 5 மணி. நாள் கணக்கு புதிதாகத் தொடங்குவது விடியற்காலை 5:30-க்கு.

டெக்வாட்டில் என்ற டிராகனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 80-க்குப் பிறகு இந்த கேம் என்ன மாதிரி என்பது அங்கே ஒரே சண்டையில் தெரிந்துவிடும். 15 நிமிஷக் கெடு. பத்து நிமிஷம் முன்பே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் நிறைந்த மேப்பில் இடம் கிடைக்காது, காலி மேப்பில் தள்ளிவிடும். கரையில் வடக்கே மூன்று, தெற்கே மூன்று என ஆறு டரட் (ஆள் ஏறி இயக்கும் பீரங்கி). டிராகனின் செதில் இறுக இறுக அடி இறங்காது. டரட்டில் இருப்பவர் 2-ஆம் ஸ்கில்லை அடித்து அந்தச் செதிலைக் கரைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே இருக்கும் கூட்டத்தின் அடி ஏறும். தெரியாதவர் ஒருவர் டரட்டில் ஏறி 1-ஐ மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் மொத்தக் கூட்டமும் கல்லில் அடித்த கதைதான். அதனால் முதல் சில தடவை டரட் பக்கம் போகாமல் கூட்டத்தோடு நில்லுங்கள். உயிர் 75, 50, 25 சதவீதம் ஆகும்போது டிராகன் ஒதுங்கிவிடும். அப்போது மெகாலேசர் என்ற பெரிய ஆயுதத்தின் பேட்டரிகளைக் காக்க ஆள் பிரிய வேண்டும், பிறகு மெகாலேசர் சுட்டதும் டிராகன் கீழே விழும். விழுந்து கிடக்கும் அந்த இடைவெளிக்காகவே பெரிய ஸ்கில்களைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். தரையில் ஓடிவரும் அலையைத் தாண்டிக் குதிக்கலாம், டாட்ஜ் (உருண்டு விலகுவது) செலவழிக்கத் தேவையில்லை. இது தெரியாமல் அங்கேயே டாட்ஜ் இரண்டையும் தீர்த்துவிட்டு விஷத்தில் மாட்டுபவர்கள் அதிகம்.

டாட்ஜ் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். டாட்ஜுக்கான சக்தியான எண்டூரன்ஸ் 100, ஒரு டாட்ஜுக்கு 50, நொடிக்கு 5 ஊறும். அதாவது பத்து நொடிக்கு ஒன்று. அடி படாத நேரம் முக்கால் நொடி மட்டும். இங்கேதான் நம் ஊர் நெட்டின் தரம் வெளியே வரும். சர்வர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டுமே உள்ளன. நமக்கு ஐரோப்பாதான் கிட்டம். ஆப்ஷன்ஸ் பேனலைத் திறந்தால் கீழே பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம், மில்லி நொடியில்) தெரியும். அது 200-ஐ ஒட்டி ஆடாமல் அசையாமல் நின்றால் கை தானாகப் பழகிவிடும். 150-க்கும் 400-க்கும் நடுவே ஊஞ்சலாடினால்தான் சிக்கல். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மாலை நேரத்தில் இதுதான் நடக்கும். லேன் ஒயர் போட்டுவிடுங்கள்.

கரண்ட் விஷயம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரவுட்டர் செத்துப்போகும். ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து, பெரும்பாலும் 12 வோல்ட்தான், அதற்குப் பொருந்தும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போட்டால் போதும். வீடு வரை ஃபைபர் வரும் ஜிபான் இணைப்பு என்றால் வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு கரண்ட் தேவையில்லை, நெட் ஓடும். கேபிள்காரர் பக்கத்து மாடியில் ஸ்விட்ச் வைத்து லேன் ஒயரில் இழுத்துத் தந்திருந்தால், தெருவுக்கே கரண்ட் போகும்போது உங்கள் யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. சண்டை நடுவே அறுந்து வேறு மேப்பில் விழுந்தால் பதற வேண்டாம், பார்ட்டியில் இருக்கும் ஒருவரின் படத்தில் ரைட் கிளிக் செய்து அவர் இருக்கும் மேப்புக்கே சேரலாம். அதற்காகவாவது பாஸுக்கு முன் ஏதாவது ஒரு பார்ட்டியில் சேர்ந்துகொள்ளுங்கள். பெரிய கூட்டத்தில் லேப்டாப் திணறினால் கிராஃபிக்ஸில் கேரக்டர் மாடல் லிமிட், கேரக்டர் மாடல் குவாலிட்டி இரண்டையும் லோயஸ்டில் வைத்து, நிழலையும் பிரதிபலிப்பையும் அணைத்துவிடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் ஃபிரேம் லிமிட்டை 30-ல் நிறுத்துவது மெஷினுக்கும் நல்லது, தொடைக்கும் நல்லது.

பாஸ் பெட்டியில் மஞ்சள் நிற ரேர் பொருள்கள் வரும். அப்படியே விற்காதீர்கள். லெவல் 68-க்கு மேற்பட்ட ரேரை மாஸ்டர் சால்வேஜ் கிட்டால் உடைத்தால் எக்டோ என்ற மூலப்பொருள் கிடைக்கும். சில சமயம் ஒன்றும் வராது, சில சமயம் இரண்டு மூன்று வரும், சராசரி ஒன்றுக்குச் சற்றுக் கீழே. இந்த எக்டோவைத்தான் பின்னால் நூற்றுக்கணக்கில் தேடுவீர்கள்.

நீண்ட நாள் வேலை என்று ஒன்றே ஒன்றை எடுங்கள். ஐந்தை ஒன்றாக ஆரம்பிப்பவர் எதையும் முடிப்பதில்லை, பேங்க் நிறைய அரைகுறைப் பொருள்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால் முதல் வேலை கிரிஃபான், ஏறிப் பறக்கும் மிருகம். பாத் ஆஃப் ஃபயர் எக்ஸ்பான்ஷன் வாங்கினால் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸும் சேர்ந்தே வரும். கதையின் ஆரம்பத்திலேயே ஏறிச் சவாரி செய்யும் ரேப்டர் கிடைத்துவிடும், அதுவே நடந்து அலைந்த 80 லெவலுக்கும் வட்டியோடு ஈடு. கதையை முடித்த பிறகு ரகசியமாகத் திறக்கும் ஒரு தேடலில் கிரிஃபான் வரும். அதற்கு வியாபாரிகளிடம் கொட்ட வேண்டியது மொத்தம் 250 கோல்ட். நாளைக்கு மூன்று நான்கு கோல்ட் சேர்ந்தால் இரண்டு, இரண்டரை மாத வேலை. இன்னொரு பறக்கும் மிருகமான ஸ்கைஸ்கேல் போல கிரிஃபான் சும்மா மிதக்காது. மேலிருந்து பாய்ந்து, வேகத்தை வைத்து மறுபடி எழ வேண்டும். வேகத்தைத் தவறவிட்டால் கல் மாதிரி விழும். பழகப் பழகத்தான் அதன் ருசி தெரியும், அதனாலேயே அது சலிப்பதில்லை.

எக்ஸ்பான்ஷன் வாங்கியதும் உங்கள் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) புதுத் திறமைகளைத் திறக்கும் மாஸ்டரிக்குப் போகும். எந்த டிராக்குக்குப் போகிறது என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்பி நிரம்பினாலும் மாஸ்டரி பாயிண்ட் இல்லாமல் திறக்காது. அந்தப் பாயிண்ட்டும் ஊருக்கு ஊர் தனி, ஹார்ட் ஆஃப் தார்ன்ஸின் மகூமா காட்டில் எடுத்தது பாத் ஆஃப் ஃபயரின் பாலைவனத்தில் செல்லாது. காட்டில் முதலில் கிளைடிங், பாலைவனத்தில் முதலில் ரேப்டரின் நீண்ட தாவல். கேரக்டருக்குப் புது ஆட்ட முறை தரும் எலைட் ஸ்பெஷலைசேஷன் முழுசாகத் திறக்க 250 ஹீரோ பாயிண்ட். எக்ஸ்பான்ஷன் மேப்பில் ஒவ்வொரு ஹீரோ சேலஞ்சும் 10 தரும், பழைய மேப்பில் 1 தான். அதனால் 25 இடம் போதும். கூட்டமாகச் சுற்றும் ஹீரோ பாயிண்ட் ஓட்டங்களை எல்எஃப்ஜி (குழு தேடும்) பட்டியலில் பார்க்கலாம்.

ஐந்து பேர் சண்டை பிடிக்குமென்றால் ஃபிராக்டல் என்ற குட்டிச் சண்டைக்களங்கள். 1 முதல் 25 வரை முதல் படி. 20-ஐத் தொடும் வரை அகனி ரெசிஸ்டன்ஸ் (அங்கே வரும் அகனி பாதிப்பைத் தாங்கும் பலம்) பற்றிக் கவலையே வேண்டாம். எல்எஃப்ஜியில் ‘புதுசு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள், மறைத்துவிட்டு மாட்டுவதை விட அது மேல். ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டியதில்லை, சாட்டில் புழங்குவது மொத்தமே பத்து இருபது சொல்தான். ‘கேபி’ கேட்கும் குழுவில் மட்டும் சேராதீர்கள், அது ஏற்கனவே முடித்ததற்கு அத்தாட்சி கேட்பது. சண்டையில் பாஸின் உயிர்க்கோட்டுக்குக் கீழே நீலப் பட்டை தெரிந்தால் டேமேஜை விட்டுவிட்டு ஸ்டன், நாக்டவுன், டேஸ் எது இருந்தாலும் கொட்டுங்கள். தனியாகவே 80 வந்தவர்களுக்கு இந்தப் பட்டை கண்ணிலேயே படாது, குழு கோபப்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

ஆளுக்கு ஆள் மோதும் பிவிபி பிடித்தால் கியர் பேச்சே இல்லை, உள்ளே எல்லோரும் ஒரே அளவு.

லெஜண்டரி ஆசை வந்தால் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முதல் தலைமுறை ஆயுதம் ஒன்றுக்கு மிஸ்டிக் குளோவர் என்ற பொருள் 77. பொருள்களைச் சேர்த்து வேறொன்று எடுக்கும் மிஸ்டிக் ஃபோர்ஜில் ஒரு முயற்சிக்கு எக்டோ, மிஸ்டிக் காயின், அப்சிடியன் ஷார்டு தலா 1, ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன் 6. மூன்றுக்கு ஒன்றுதான் தேறும். ஆக 230 எக்டோ அங்கே, ஆயுதத்துக்குத் தேவையான கிஃப்ட் ஆஃப் ஃபார்ச்சூனுக்கு நேரடியாக இன்னொரு 250. அன்றாட வேலைகளுக்குப் பரிசு தரும் விசார்ட்ஸ் வால்ட்டில் கொஞ்சம் குளோவர் நேராகவே கிடைக்கும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள். எக்ஸ்பான்ஷன் சேராத பழைய டைரியா (கேமின் உலகம்) மேப் முழுவதும் 100 சதவீதம் சுற்ற வேண்டும். பெரிய அணிகள் மோதும் வேர்ல்டு வெர்சஸ் வேர்ல்டில் கிஃப்ட் ஆஃப் பேட்டில் எடுக்க வேண்டும். அங்கே நுழைந்தவுடன் ரிவார்டு டிராக் பட்டியலில் கிஃப்ட் ஆஃப் பேட்டிலைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். வேறு டிராக் ஓடிக்கொண்டிருந்தால் நாலு ராத்திரி உழைப்பும் அதன் கணக்கில்தான் ஏறும்.

கடைசியாக, எக்ஸ்பான்ஷன் வாங்கும் முன் ஒன்று. நீங்கள் கேமின் சொந்த லாஞ்சரில் அக்கவுண்ட் தொடங்கியவர் என்றால் ஸ்டீமில் தள்ளுபடி பார்த்து வாங்கிவிடாதீர்கள். இரண்டும் தனித்தனி அக்கவுண்ட், ஸ்டீமில் வாங்கியது உங்கள் 80 கேரக்டருக்கு வராது.