போட்டோ பளிச், வீடியோ மட்டும் மங்கல்!

கேள்வி: பல வருடம் உழைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா என்னுடையது. போட்டோ கூர்மையாக வருகிறது, வீடியோ மட்டும் மசமசவென்று இருக்கிறது. ஷட்டர் தேய்ந்துவிட்டதா?

பதில்: ஷட்டர் மேல் பழி போடாதீர்கள். வீடியோ ஓடும்போது அது திறந்தபடியேதான் இருக்கும்.

முதலில் ஒரு சோதனை. ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, சுவரில் செய்தித்தாளை ஒட்டுங்கள். லைவ் வியூவில் (பின்திரையில் காட்சியை நேரடியாகக் காட்டும் முறை) எழுத்தைப் பெரிதாக்கி, கையாலேயே ஃபோகஸ் செய்து, எஃப் 5.6-இல் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) ஒரு போட்டோவும் ஒரு வீடியோவும் எடுங்கள். வீடியோவில் எழுத்து தெளிவாக வந்தால், இத்தனை நாள் ஏமாற்றியது ஃபோகஸ்தான். வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸ் செய்கிற தனி சென்சாருக்கு வீடியோவில் வேலையே இல்லை. அதனால் போட்டோவை வைத்து வீடியோவை எடைபோட முடியாது. இரண்டுமே மங்கினால் லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சையோ பனிமூட்டம் போன்ற படலமோ இருந்தால் தெரியும். முன்னால் மாட்டிய பழைய யு.வி. ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள், எனக்கு அதன் மேல் எப்போதுமே சந்தேகம்!

அப்புறம், வெயிலில் வீடியோவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைக்க எஃப் 22 வரை போகிறீர்களா? அந்தச் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி கூர்மையே போய்விடும். என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டி எஃப் 5.6-க்கு வாருங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். முழு ஹெச்.டி. வீடியோவின் ஒரு ஃபிரேம் சுமார் 2 மெகாபிக்சல்தான். பழைய மாடல்கள் பலவும் சென்சாரின் சில வரிகளைத் தாண்டித் தாண்டித்தான் படிக்கும். அதனால் வரும் மங்கலை எந்தச் சர்வீஸாலும் போக்க முடியாது.