எல்லாத் தியரியும் சரியாகவே படுகிறதே!

கேள்வி: தபால் வழியில் எம்.எஸ்ஸி. கவுன்சலிங் படிக்கிறேன். மனநல சிகிச்சைத் தியரிகளில் ஃப்ராய்டைப் படித்தால் அவர் சொல்வதுதான் சரி என்று படுகிறது. அடுத்த வாரம் ரோஜர்ஸ், அதற்கடுத்து எல்லிஸ், பெக்... யாரைப் படித்தாலும் அவர் பக்கமே சாய்ந்துவிடுகிறேன். 'ஒப்பிட்டு விளக்குக' என்று பரீட்சையில் கேட்பார்களே என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தாலும் இரண்டே நாளில் எல்லாம் கலந்துவிடுகிறது. இவற்றில் எது சரி? நாளைக்குக் கவுன்சலராக உட்காரும்போது நான் யாரைப் பின்பற்றுவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் சகோதரி. நிறுவனர், கொள்கை, உத்தி, குறை என்று கட்டம் கட்டினால் எல்லாத் தியரியும் ஒரே சீருடை போட்டுக்கொண்டு நிற்கும். எது எது என்று யாருக்குமே குழம்பும். ஒப்பிட வேண்டுமானால் முதலில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரே ஆளிடம் இவர்கள் ஒவ்வொருவரும் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வார்கள் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க ஒரு படமே இருக்கிறது. 1964இல் அமெரிக்காவில் எவரெட் ஷாஸ்ட்ராம் என்ற உளவியலாளர், க்ளோரியா என்ற பெண்ணைக் கார்ல் ரோஜர்ஸ், ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் என்று ஆளுக்கொரு சிகிச்சை முறையை வகுத்த மூவரிடமும் தனித்தனியாகப் பேச வைத்துப் படமாக்கினார். விவாகரத்தானவர் க்ளோரியா. கணவரைப் பிரிந்தபின் வேறு ஆணோடு உறவு உண்டா என்று சின்ன மகள் கேட்டதற்கு இல்லை என்று பொய் சொல்லிவிட்டார். அது உறுத்துகிறது. மகளிடம் உண்மையைச் சொல்லலாமா என்று ரோஜர்ஸிடம் கேட்கிறார். ரோஜர்ஸ் கடைசிவரை நேரடியாகப் பதில் சொல்வதில்லை. க்ளோரியாவின் தவிப்பைத் தான் புரிந்துகொண்டதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பதில் வராத அந்த இடத்தில் க்ளோரியா தனக்கு என்ன வேண்டும் என்று தானே பேசத் தொடங்குகிறார்.

பெர்ல்ஸுக்கு மகள் கதையெல்லாம் தேவையே இல்லை. பயமாக இருக்கிறது என்கிறாய், ஆனால் சிரிக்கிறாயே என்று அப்போதே பிடித்துக்கொள்கிறார். நடிக்கிறாய் என்கிறார். க்ளோரியாவுக்குக் கோபம் வருகிறது. பெர்ல்ஸுக்கு வேண்டியதும் அந்தக் கோபம்தான். எல்லிஸோ மூவரில் அதிகம் பேசுகிறவர். பிடித்த ஆண்களிடம் பழகக் கூச்சமாக இருக்கிறது என்றால், அவர்கள் ஏற்காவிட்டால் நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற நினைப்பு அதன் அடியில் இருப்பதாகக் காட்டி, அதோடு வாதாடுகிறார். வெளியே போய்த் துணிந்து பழகிப் பார்க்கவும் சொல்கிறார்.

படப்பிடிப்பு முடிந்த கையோடு, தனக்கு அதிகம் பயன்படக்கூடியவர் பெர்ல்ஸ்தான் என்றார் க்ளோரியா. ஆனால் பிறகு பல வருடம் கடிதத் தொடர்பு வைத்திருந்தது ரோஜர்ஸோடு. எது உதவியது என்பதை அன்றைக்கே கணக்குப் போட முடியாது என்று எனக்குப் படுகிறது. (ரோஜர்ஸைப் பார்த்த மாணவர்கள் பலர், இவர் ஒன்றுமே செய்யவில்லையே என்பார்கள். அதே மாதிரி பத்து நிமிடம் அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.)

இன்னொன்று. தியரிகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஒன்றுக்கு மற்றொன்று சொன்ன மறுப்பாகப் படியுங்கள். பெர்ல்ஸ், எல்லிஸ், பெக் மூவருமே முதலில் ஃப்ராய்டின் முறையான சைக்கோஅனாலிசிஸ் பயின்றவர்கள். மனச்சோர்வு என்பது தன்மேலேயே திரும்பிய கோபம் என்ற ஃப்ராய்டின் கருத்தை நிரூபிக்கத்தான் ஆரோன் பெக் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அவற்றில் இழப்பும் தோல்வியுமே மேலோங்கி இருந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்து கிளம்பியதுதான் பிற்பாடு சிபிடியாக (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) வளர்ந்தது. இந்தக் கதை தெரிந்தவருக்குப் பெக்குக்கும் ஃப்ராய்டுக்கும் உள்ள வேறுபாடு மறக்குமா?

எது சரி என்ற கேள்விக்கு வருகிறேன். வெவ்வேறு முறைகள் ஏறக்குறைய ஒரே பலன் தருவதற்குக் காரணம் அவற்றுக்குள் பொதுவாக இருப்பவைதானோ என்று 1936லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற உளவியலாளர் எழுதினார். மனச்சோர்வு போன்றவற்றில் பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிடாதீர்கள். நாளெல்லாம் கை கழுவும் ஓசிடி (விடாத எண்ணமும் அதனால் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும்) நோயாளியிடம் கனிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் கழுவுவது நிற்காது. அழுக்கு என்று அஞ்சும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் பொறுத்திருக்கப் பழக்கும் முறையை 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் கையாண்டு காட்டினார். இன்றும் ஓசிடிக்கு முதலில் பரிந்துரைக்கும் பேச்சுச் சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே ஒரு முறையை நல்ல மேற்பார்வையாளரிடம் ஆழமாகப் பழகுங்கள். எந்தப் பிரச்சினைக்கு அது போதாது, யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் கூடவே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன் என்பதை முதல் வருடத்திலேயே ஆரம்பிக்க வேண்டாம்.

பரீட்சைக்கு ஒரு வழி: ஒரு கற்பனைக் கிளையன்ட்டை முதல் பத்தியிலேயே கொண்டுவந்துவிட்டு, அவர் சொல்லும் ஒரே வாக்கியத்துக்கு ஒவ்வொரு தியரிக்காரரும் என்ன பதில் சொல்வார், ஏன் என்று எழுதுங்கள். கொள்கை, உத்தி, குறை எல்லாம் அதிலேயே வந்துவிடும். திருத்துபவருக்கும் அன்றைக்கு நூறாவது அட்டவணையைப் பார்க்கும் அலுப்பு இருக்காது.