கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கு மனச்சோர்வு ஏன் வருகிறது? வீட்டு உறவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கவனக்குறைவு (ஏ.டி.எச்.டி.) என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு, மனம் ஒன்றில் நிற்காமல் நழுவும். சோம்பல் இல்லை. மனச்சோர்வு வேறு: 2 வாரமோ அதற்கு மேலோ, பிடித்த விளையாட்டில்கூட நாட்டம் இல்லாமல் போவது. பிள்ளைகளிடம் அது அழுகையைவிட எரிச்சலாகவே பல நேரம் வெளிப்படும். வீட்டிலோ அதற்குத் ‘திமிர்’ என்று பெயர்!

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பார்த்ததைச் சொல்கிறேன். விடியலில் பாலுக்காக ரப்பர் மரப் பட்டையை வெட்டப் போன அம்மா திரும்பிவந்து பள்ளிப்பையைத் திறந்தால், நேற்றைய சாப்பாட்டு டப்பா, பாதியில் நின்ற கணக்கு. கை ரோத்தான் பிரம்பைத் தேடும். பள்ளியிலும் திட்டு, தம்பியோடு ஒப்பீடு. பால்மரத்தை ஓய்வே விடாமல் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும் இல்லையா? பிள்ளையும் அப்படித்தான், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று வற்றிப்போகிறது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். முடித்ததும் அங்கேயே பாராட்டுங்கள். எரிச்சல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.

‘வளர்ப்பு சரியில்லை, அதான்’ என்பார்கள். கவனக்குறைவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது, திட்டுகிற அப்பாவுக்கே இருக்கலாம்.