பதின்மூன்றை எண்ணுவது எப்படி? – கிங் கிரிம்சன் கேள்வி பதில்

இந்த முறை ஒரே இசைக்குழுவைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கிங் கிரிம்சன் 1969 ஜனவரியில் லண்டனில் ஒத்திகையைத் தொடங்கி, 2021 டிசம்பர் வரை விட்டுவிட்டு இயங்கிய ராக் குழு. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அதில் இருந்த ஒரே ஆள் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள், சிலர் திரும்பி வந்தார்கள்.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று முதல் ஆல்பத்தில் ஆரம்பித்தேன். நான்காவது பாட்டில் மாட்டிக்கொண்டேன். பத்து நிமிடத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கு இது ஒத்துவராதா? (வாசகர், திருச்சி)

ஒத்துவரும். நுழைந்த வாசல்தான் சரியில்லை. நீங்கள் மாட்டிக்கொண்டது முதல் ஆல்பமான 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்'கில் (1969) வரும் 'மூன்சைல்ட்'. 12 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். பாட்டு என்று சொல்லத்தக்கது முதல் இரண்டரை நிமிடம்தான். மீதி முழுக்க வைப்ரஃபோன், கிட்டார், டிரம்ஸ் மூன்றும் மிக மெல்லிய ஒலியில் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் கற்பனை வாசிப்பு. பேருந்திலோ சமையலறையிலோ கேட்டால் அது காதில் விழவே விழாது. இரவில், ஹெட்ஃபோனில், வேறு வேலை இல்லாமல் கேட்க வேண்டியது அது.

'ரெட்' (1974) ஆல்பத்தில் தொடங்குங்கள். ஐந்தே உருப்படிகள், மொத்தம் சுமார் 40 நிமிடம். ஃப்ரிப், பாஸ் வாசித்துப் பாடிய ஜான் வெட்டன், டிரம்ஸில் பில் ப்ரூஃபோர்ட் என்று மூவர்தான் மையம். அடுத்து 'டிசிப்ளின்' (1981). அதன் பிறகு முதல் ஆல்பத்துக்குத் திரும்பினால் அதே 'மூன்சைல்ட்' வேறு மாதிரி கேட்கும். நான்காவதாக 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' (1973).

ஆண்டு வரிசையில் கேட்பது இந்தக் குழுவுக்கு மட்டும் வேண்டாம். முதல் ஆல்பம் வந்த சில மாதங்களிலேயே குழு உடைந்தது. 1970, 71-இல் வந்த மூன்று ஆல்பங்களிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெயர் ஒன்று, குழுக்கள் பல. வரிசையாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவதான 'லிஸர்ட்'டிலேயே நின்றுவிடுகிறார்கள். 'ரெட்'டுக்கு வந்துசேர்வதே இல்லை. அதுதான் இழப்பு.

கேள்வி: 'ரெட்' ஆல்பத்தில் வரும் 'ஸ்டார்லெஸ்' பாட்டின் நடுப்பகுதியைத் தாளம் போட்டுக் கேட்கப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் தவறுகிறது. எட்டா, ஏழா, என்ன கணக்கு அது? (மிருதங்கம் பயிலும் வாசகி, கும்பகோணம்)

பதின்மூன்று. எட்டு என்று நினைத்துப் போட்டால் இரண்டாம் சுற்றிலேயே விலகிவிடும்.

நான்கரை நிமிடத்தை ஒட்டிப் பாட்டு அடங்கி, பாஸ் கிட்டார் தனியாக ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்க ஆரம்பிக்கும். பிடிக்க வேண்டியது அந்த பாஸைத்தான். பலர் கிட்டாரைப் பின்தொடர்ந்து தவறுகிறார்கள். ஃப்ரிப் ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்ட்ரிங்குகளில் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பார். சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று அது உங்களுக்குக் காட்டிக்கொடுக்காது.

உங்களுக்குச் சொற்கட்டு தெரியும் என்பதால் இப்படிச் செய்யுங்கள். முதலில் எதையும் சொல்லாமல், பாஸ் சொற்றொடர் எந்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் நான்கைந்து சுற்று கேளுங்கள். அந்தத் தொடக்கம் மனதில் பதிந்த பிறகு 'தகதிமி தகதிமி தகதகிட' என்று 4, 4, 5 ஆகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ஐந்தை அவசரமாக நான்காகச் சுருக்குவதுதான் வழக்கமான பிழை. அப்போது கணக்கு பன்னிரண்டாகிவிடும். விலகிவிட்டால் நடுவில் சேர முயலாதீர்கள். வாயை மூடிக்கொண்டு பாஸின் அடுத்த தொடக்கத்துக்காகக் காத்திருங்கள். இந்த 4, 4, 5 நீங்கள் எண்ணுவதற்கான பிடிமானம் மட்டுமே. வாசிப்பவர்கள் அப்படித்தான் பிரித்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு பொறி பின்னால் இருக்கிறது. அந்த ஒற்றை ஸ்வரம் மெல்ல மெல்ல மேலேறி, டிரம்ஸ் தடித்து, இனி தாங்காது என்ற இடத்தில் வேகம் பிய்த்துக்கொண்டு போகும். அங்கும் பதின்மூன்றுதான், ஆனால் வேகமானது. இப்போது கை இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு தட்டு என்று தானாகவே போகும். பதின்மூன்று ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்றில் தட்டு சுற்றின் தொடக்கத்தில் விழும், அடுத்த சுற்றில் தொடக்கத்துக்கு அரைத்தட்டு தள்ளி விழும், மூன்றாவதில் மறுபடி தொடக்கத்துக்கு வரும். ஆக, இரண்டு சுற்றுக்கு 13 தட்டு. 'தாளம் தவறிவிட்டது' என்று பதறிக் கையை நிறுத்தாதீர்கள். தவறவில்லை, அப்படித்தான் வர வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போனால், முடிவில் தொடக்கத்தின் மெட்டு சாக்ஸஃபோனில் திரும்பி வரும்போது உடம்பு சிலிர்க்கும். எண்ணாமல் கேட்டாலும் சிலிர்க்கும். எண்ணிக் கேட்டவருக்கு ஏன் என்று தெரியும்.

கேள்வி: முதல் ஆல்பத்தில் வயலின்கள் கூட்டமாக வருகின்றனவே, எந்த ஆர்கெஸ்ட்ரா?

ஆர்கெஸ்ட்ரா இல்லை. அது மெலட்ரான் என்ற கீபோர்டு கருவி, வாசித்தவர் இயன் மெக்டொனால்ட்.

அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கும். அந்த ஸ்வரத்தில் உண்மையான வயலின்களோ புல்லாங்குழலோ வாசித்ததை அதில் பதிந்து வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா சுழலும் உருளையோடு ஒட்டிக்கொண்டு ஒலிமுனையைக் கடந்து ஓடும். விட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். நாடா வளையமாக இல்லாமல் துண்டாக இருப்பதால் சுமார் 8 வினாடியில் ஒலி தீர்ந்துவிடும். வளையமாக்கியிருக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் கணம் ஒவ்வொரு முறையும் சரியாகக் கிடைக்காது.

எங்கே கெடும் என்றால், நிறையக் கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் எல்லா நாடாக்களின் சுமையும் ஒரே மோட்டார் மேல் ஏறி, வேகம் குறைந்து, சுருதி இறங்கும். மேடையில் மின்னழுத்தம் ஆடினாலும் அதே கதைதான். நாடா முழுவதும் பின்னுக்குப் போகும் முன் மறுபடி அழுத்தினால் நடுவிலிருந்து ஒலிக்கும்.

மென்பொருள் மெலட்ரானில் அந்த ஒலியை எடுக்க விரும்புபவர்கள் லூப்பை அணையுங்கள், ஒவ்வொரு ஸ்வரத்தையும் 8 வினாடியோடு நிறுத்துங்கள், சஸ்டெய்ன் பெடலைத் தொடாதீர்கள், விசையை அடிக்கும் வேகத்துக்கேற்ப ஒலி கூடும் வசதியையும் எடுத்துவிடுங்கள். நீண்ட கோர்டு வேண்டுமென்றால் எல்லா விரல்களையும் ஒன்றாகத் தூக்காமல் ஒவ்வொன்றாக மாற்றி வையுங்கள். இதைச் செய்யாத வரைக்கும் சாதாரண கீபோர்டு ஸ்ட்ரிங்ஸ் மாதிரிதான் கேட்கும்.

கேள்வி: 'டிசிப்ளின்' ஆல்பத்தில் 'தெலா ஹன் ஜின்ஜீட்' என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அந்தப் பெயர் எந்த மொழி?

ஆங்கிலம். 'ஹீட் இன் த ஜங்கிள்' என்பதன் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது.

கேள்வி: ஃப்ரிப்பின் டியூனிங்கை என் எலெக்ட்ரிக் கிட்டாரில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது ஸ்ட்ரிங் அறுந்தது, ஆறாவது தொளதொளவென்று கிடக்கிறது. எங்கே தவறு? (கல்லூரி மாணவர், கோவை)

இருந்த ஸ்ட்ரிங் செட்டையே முறுக்கியதுதான் தவறு. அந்த டியூனிங்குக்கு வேறு கனம் வேண்டும்.

தடித்த ஸ்ட்ரிங்கிலிருந்து மெல்லியது வரை அது சி, ஜி, டி, ஏ, இ, ஜி. வழக்கமான டியூனிங்கோடு ஒப்பிட்டால் ஆறாவது 4 ஃப்ரெட் அளவு இறங்குகிறது, ஐந்தாவது 2 இறங்குகிறது, நான்காவது அப்படியே இருக்கிறது, மூன்றாவது 2 ஏறுகிறது, இரண்டாவது 5 ஏறுகிறது, முதலாவது 3 ஏறுகிறது. சுருதி ஏறும் விகிதத்தின் வர்க்கமாக இழுவிசை ஏறும். அதனால் 5 ஃப்ரெட் ஏற்றினால் இரண்டாவது ஸ்ட்ரிங்கில் இழுப்பு ஏறக்குறைய 78 சதவீதம் கூடுகிறது. அறுந்ததில் வியப்பில்லை. ஆறாவதில் இழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

நட்டிலிருந்து பாலம் வரை ஸ்ட்ரிங் நீளம் 25.5 அங்குலம் உள்ள கிட்டாருக்கு ஆறிலிருந்து ஒன்று வரை 0.056, 0.038, 0.026, 0.015, 0.010, 0.008 அங்குலக் கனம் என்று தனித்தனியாக வாங்கிப் போடுங்கள். முதலாவதுக்கு 0.009-உம் தாங்கும், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஒரு ஸ்ட்ரிங்கைக் கழற்றி, புதியதைப் போட்டு, பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஆறாவதன் நட் பள்ளம் 0.046-க்கு வெட்டியதாக இருக்கும். 0.056-ஐ அதில் அழுத்தித் திணித்தால் பிடித்துக்கொண்டு, டியூன் செய்யும்போது தாவித் தாவி நகரும். பள்ளத்தைக் கடையில் கொடுத்து அராவிக்கொள்ளுங்கள். பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் இன்டொனேஷன், அதாவது அங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக நிற்கிறதா என்று, பார்க்க வேண்டும். மிதக்கும் ட்ரெமலோ பாலம் உள்ள கிட்டார் என்றால் இந்த வேலைக்கு வேண்டாம். ஒன்றை மாற்றினால் மற்ற ஐந்தும் விலகும்.

ஒரு முக்கியமான விஷயம். ஃப்ரிப் இந்த டியூனிங்குக்கு மாறியது 1980-களின் நடுவில். 'ரெட்', 'ஃப்ராக்ச்சர்', 'டிசிப்ளின்' ஆகியவற்றின் மூலப் பதிவுகள் எல்லாம் வழக்கமான டியூனிங்கில் வாசித்தவை. அவற்றைக் கற்பதற்காகத்தான் இதை வைத்தீர்கள் என்றால் பழையபடி மாற்றிவிடுங்கள். 'த்ராக்' (1995) முதலான ஆல்பங்களுக்குத்தான் இது.

கேள்வி: இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்து ஃப்ரிப் தனியாளாக வாசித்தது எப்படி? இன்றைக்கு வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் வீட்டில் 1972-இல் ஆரம்பித்த முறை அது. ஒரே நாடா முதல் கருவியின் சுருளிலிருந்து புறப்பட்டு இரண்டாவது கருவியின் சுருளில் போய்ச் சுற்றும். முதல் கருவி பதியும். நாடா நகர்ந்து இரண்டாவதை அடைந்ததும் அது ஒலிக்கும். அந்த ஒலியை மறுபடி முதல் கருவிக்கே அனுப்பினால் புதியதும் பழையதும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும். தாமதம் எவ்வளவு என்பதை இரண்டு கருவிகளுக்கும் உள்ள இடைவெளி தீர்மானிக்கும். நாடா வினாடிக்கு 19 செ.மீ. ஓடினால், 95 செ.மீ. இடைவெளிக்கு 5 வினாடி.

இன்று இதற்கு 5 வினாடி வரை போகும் டிலே பெடலோ மென்பொருளோ போதும். ஃபீட்பேக்கை 90 சதவீதத்தில் வைத்தால் ஒலி பாதியாகக் குறைய ஆறேழு சுற்று ஆகும், அதாவது அரை நிமிடம். 80-இல் வைத்தால் மூன்றே சுற்று. தொடங்குபவர்களுக்கு 80 போதும்.

கலங்கிப்போய் 'கொழகொழ'வென்று ஆவதுதான் எல்லோருக்கும் வரும் சிக்கல். அதற்குக் காரணம் இரண்டு. நாடாவில் ஒவ்வொரு சுற்றிலும் கூர்மையான மேல் ஒலி தேய்ந்துகொண்டே போகும், அதனால் பழையது பின்னால் ஒதுங்கிப் புதியதற்கு இடம் விடும். டிஜிட்டலில் தேயாது. ஃபீட்பேக் பாதையில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைக் குறைக்கும் ஒரு ஃபில்டர் வையுங்கள். இரண்டாவது காரணம் நம் கை. ஐந்து வினாடிக்கு ஒரு ஸ்வரம், அதிகம் போனால் இரண்டு. அடுத்ததை வாசிக்கும் முன் முந்தையது திரும்பி வரட்டும்.

கேள்வி: முதல் ஆல்பத்தை எந்தப் பதிப்பில் வாங்கலாம்?

பீட்டர் சின்ஃபீல்டின் பாடல் வரிகளும், கிரெக் லேக்கின் குரலும் தெளிவாக வேண்டுமென்றால் 2009-இல் ஸ்டீவன் வில்சன் புதிதாக மிக்ஸ் செய்தது. அதில் 'மூன்சைல்ட்' சுமார் மூன்று நிமிடம் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தே வாங்குங்கள். 1969-இல் வந்த மிக்ஸ்தான் வேண்டும் என்றால், ஆரம்பகால சிடிகளைத் தவிர்த்துவிடுங்கள். முதல் தலைமுறை மாஸ்டர் நாடா கிடைக்காததால் அவை நகலிலிருந்து எடுத்தவை. மாஸ்டர் கிடைத்த பிறகு, 2004 முதல் வந்தவை மேல்.

'லார்க்ஸ் டங்ஸ்' வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது கட்டைவிரலால் மீட்டும் கலிம்பாவில், காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்கும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவைத்தால், சில நிமிடம் கழித்து ஃப்ரிப்பின் கிட்டார் முழு வேகத்தில் இறங்கும்போது ஸ்பீக்கரும் காதும் பாடுபடும். வழக்கமான அளவில் வைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

கேள்வி: 'டிசிப்ளின்' டிரம்ஸ் ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கிறது?

ஜால்ரா ஓசை கேட்காததால். ப்ரூஃபோர்டிடம் ஹை-ஹாட்டையும் சிம்பலையும் கூடியவரை விலக்கச் சொன்னார் ஃப்ரிப். டிரம்மர்கள் நேரம் காட்டுவதே அவற்றில்தான். அந்த மேல் ஒலிப் பரப்பு காலியானதும் ஃப்ரிப், ஏட்ரியன் பெலூ இருவரின் கிட்டார்களுக்கும் இடம் கிடைத்தது. 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' கேளுங்கள். இருவரும் ஏழு எண்ணிக்கையில் ஒன்றாகப் புறப்பட்டு, ஒருவர் மட்டும் இரண்டு ஏழை 7, 6 என்று பதின்மூன்றாகக் குறைப்பார். ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணிக்கை விலகும். நண்பர் ஒருவரோடு பயிற்சி செய்ய: ஒருவர் ஏழை 13 முறை, மற்றவர் பதின்மூன்றை 7 முறை சொன்னால் 91-இல் இருவரும் சேர வேண்டும். 'அடுத்தவர் சொல்வதைக் கேட்காமல் சொல்' என்பார்கள். வேண்டாம், கேட்டுக்கொண்டே சொல்லுங்கள். கேட்காமல் சேர்ந்தால் அது தற்செயல்.

கேள்வி: இனி நேரில் பார்க்க வாய்ப்பு உண்டா?

கிங் கிரிம்சன் என்ற பெயரில் கடைசிக் கச்சேரி 2021 டிசம்பர் 8, டோக்கியோ. 1980-களின் பாடல்களை மட்டும் பெலூ, டோனி லெவின், ஸ்டீவ் வாய், டேனி கேரி நால்வரும் 'பீட்' என்ற பெயரில் 2024 முதல் வாசிக்கிறார்கள். கடைசி ஆண்டுகளின் கச்சேரி எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால், மூன்று டிரம்மர்கள் மேடையின் முன்வரிசையில் உட்கார்ந்து வாசிக்கும் அதிகாரபூர்வ வீடியோக்களைத் தேடுங்கள். ரசிகர்கள் போனில் எடுத்தது அதிகம் கிடைக்காது. கச்சேரி முடிந்து லெவின் தன் கேமராவைத் தூக்கினால்தான் அரங்கில் இருப்பவர்களும் படம் எடுக்கலாம் என்பது அவர்களுடைய விதியாக இருந்தது.